கை நனைக்க ஓர் இடம்

1

பத்திரிகை ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார். "நம் திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்கள் பலர் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் வாழைப்பழம் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். தாங்கள் ஒன்பது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருப்பதால், நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களைப் பற்றி நாலு வரி எழுதி உதவவும்."

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்கு அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சுதந்திரம் வந்த வருஷம் ஆவணியில், ஒரு தகரப் பெட்டி, மனைவி கோமதி, பத்து வயது மகள் காந்திமதி ஆகிய மூன்றையும் இறக்கிவைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி சுங்கச் சௌக்கையில் நின்றேன். அப்போது இது வேறு ராஜ்யம். சௌக்கைக்காரர் பெட்டியைத் துழாவிப் பார்த்து ஒன்றும் அகப்படாமல், கடைசியில் வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே கோமதி மிளகாய்ப்பொடியில் புரட்டி வைத்த இட்லி. சந்தேகத்துக்கு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பேச முடியாமல் கையை ஆட்டி எங்களைப் போகச் சொன்னார். இந்த நாட்டில் எனக்காகக் கண்ணீர் விட்ட முதல் மனிதர் அவர். கடைசி மனிதரும் அவர்தான்.

ஆரியசாலையில் ஒரு வற்றல், மல்லி மண்டியில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. முதலாளி சொல்லுவார், நான் எழுதுவேன். "கடுதாசிப் பிள்ளை" என்று பெயர். சங்கரன்கோயிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சரக்கு விஷயமாக வருகிறவர்கள் மண்டிக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி சரக்கைப் பற்றியது அல்ல, சாப்பாட்டைப் பற்றியது. "கடுதாசிப் பிள்ளையைக் கேளும்" என்று முதலாளி என் பக்கம் கையைக் காட்டுவார். இப்படியாக, படிப்பிலோ பணத்திலோ யாரும் என்னிடம் யோசனை கேட்காத இந்த ஊரில், சோற்று விஷயத்தில் நான் ஒரு பெரிய மனிதன் ஆகிவிட்டேன்.

2

ஹோட்டல் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும். அதுதான் என் முறை.

பக்திமானாக இருந்தால் கோட்டைக்குள் ஒரு போத்தி கடைக்கு அனுப்புவேன். கோயில் பூஜைக்கென்று கன்னட தேசத்துப் பக்கமிருந்து வந்தவர்களின் வம்சத்தார்தாம் போத்திமார். காலையில் போனால் ரசவடை கிடைக்கும். வடையை ரசத்தில் ஊறப்போட்டு, அது வடையா ரசமா என்று அதற்கே மறந்துபோன நிலையில் எடுத்து வைப்பார்கள். மத்தியானம் போனால் புளிசேரி என்கிற மோர்க்குழம்பும், தேங்காய்ப்பாலில் வெந்த பூசணிக்காய் ஓலனும் இருக்கும். போத்தி யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார், எதுவும் விசாரிக்க மாட்டார். கடன்காரர்களுக்கும் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கும் உகந்த இடம்.

இனிப்புப் பிரியராக இருந்தால் கிழக்கேகோட்டையில் சாயங்காலம் ஒரு கடை. போளியை விண்டு அதன் தலையில் பால்பாயசத்தை ஊற்றித் தருவார்கள். நான் முதல் தடவை சாப்பிட்டபோது, இது தெரியாமல் நாற்பது வயது வரை என்ன செய்துகொண்டிருந்தோம் என்று விசனப்பட்டேன்.

ரயிலை விட்டு இறங்கிய பசியில் தம்பானூரிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே எல்லாரும் எதையோ பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். சாம்பாரும் அப்படித்தான் இருக்கும். பாளையம் பக்கம் புட்டும் கடலையும் பிரமாதம். ஆனால் பக்கத்து இலையில் மீன் இருக்கும். நான் அங்கே போனதில்லை என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறேன். வாசகர்களிடமும் அதையே சொல்கிறேன்.

இன்னொன்று. எந்தக் கடையிலும் குடிக்கச் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத்தான் வைப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாந்து, கடையநல்லூர் வியாபாரி ஒருவர் அதில் கை கழுவிவிட்டு, "மலையாளத்தான் மரியாதை தெரிஞ்சவன்வே, வெந்நீரு வச்சிருக்கான்" என்றார்.

சுத்தமான நெல்லை நாக்கு, தேங்காயெண்ணெய் வாசம் பட்டாலே சுருண்டுவிடும் என்றால், ஆரியசாலையில் எங்கள் மண்டிக்கு நாலு கடை தள்ளி நயினார் பிள்ளை மெஸ். அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். ஒரு பந்திக்கு எட்டு இலை. வெள்ளைச் சோறு, நல்லெண்ணெய்த் தாளிதம், வறுத்து அரைத்த சாம்பார். சிவப்பரிசியைக் கண்டு மிரண்டு வருகிறவர்களை அங்கேதான் கொண்டுபோய் விடுவேன். ஒரு கவளம் உள்ளே போனதும் முகத்தில் திருநெல்வேலி தெரியும்.

இவ்வளவும் சொல்கிறேனே, நான் எங்கே சாப்பிடுகிறேன் என்று கேட்பீர்கள். எங்கேயும் சரியாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதே உண்மை. வீட்டில் சாப்பிடும்போது ஹோட்டல் ஞாபகம் வருகிறது, ஹோட்டலில் உட்கார்ந்தால் வீட்டு ஞாபகம் வருகிறது. இரண்டிலும் உட்கார்ந்திருக்கும்போதே ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்கேகோட்டைக்குப் போய் நாகர்கோவில் பஸ் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர் "கேறுந்நுண்டோ சாரே?" என்பார். ஏறவில்லை என்று தலையசைப்பேன். ஒன்பது வருஷமாக இதே கேள்வி, இதே தலையசைப்பு. இப்போது அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

3

நாலு வரி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சென்ற ஆனியில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பட்டியலை முடித்தால் அது பொய்ச் சாட்சி ஆகும்.

காந்திமதிக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ், தெருவில் மறுபடியும் மலையாளம். வீட்டிலாவது தமிழ் படிக்கட்டும் என்று மண்டிக் கடிதங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதன் பலன், அவள் தன் சித்திக்கு எழுதிய முதல் கடிதம் "இவ்விடம் சரக்கு நயம், அவ்விடத்து நிலவரம் தெரிவிக்கவும்" என்று தொடங்கிற்று.

கல்லூரியில் சேர்க்கும்போது அவள் எந்த ஊர்க்காரி என்பதற்குச் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். இங்கே தாலுகா ஆபீசில் போய் நின்றேன். "நீங்கள் திருநெல்வேலிக்காரர், அங்கே போய் வாங்குங்கள்" என்றார்கள். திருநெல்வேலிக்கு எழுதினேன். "தாங்கள் இத்தனை வருஷமாகத் திருவிதாங்கூரில் வசிப்பதால் அங்கேயே பெற்றுக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. இரண்டு சர்க்காரும் சேர்ந்து, என் மகள் எங்குமே பிறக்கவில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். கடைசியில் முதலாளி யாரையோ பிடித்து ஒரு முத்திரை வாங்கித் தந்தார். அவள் எந்த ஊர் என்று அதில் எழுதியிருந்தது என்பதை நான் இன்றுவரை படிக்கவில்லை. பயம்.

அவளுக்குத் திருநெல்வேலியில்தான் சம்பந்தம் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். மகள் மேல் உள்ள அக்கறை என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் வேறு கணக்கு. அவளை அங்கே கொடுத்துவிட்டால் அடிக்கடி போகலாம், அடிக்கடி போனால் ஒருநாள் திரும்பாமலே இருந்துவிடலாம். மாநிலங்களைப் பிரித்து, நாஞ்சில் நாட்டைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப்போகிறார்கள் என்று மண்டியில் ஒரே பேச்சு. ஊரே என்னைத் தேடிக்கொண்டு களியக்காவிளை வரைக்கும் வருகிறது, நான் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டு கூட்டம் வந்துவிட்டுப் போயிற்று. பெண் வீட்டில் பேச்சு முடியும் வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள் அல்லவா? காபி கூடக் குடிக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதித்த மாதிரி. ஆகவே வருகிறவர்களுக்கு வெளியேதான் சாப்பாடு. முதல் கூட்டத்தை நயினார் பிள்ளை மெஸ்ஸில் இடமில்லாமல் போத்தி கடைக்கு அழைத்துப் போனேன். தேங்காயெண்ணெய் வேலையைக் காட்டிவிட்டது. பெண்ணையே பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் போய், ஊரிலிருந்து ஒரு கார்டு போட்டார்கள். இரண்டாவது கூட்டம் பெண்ணைப் பார்த்தது. அவள் மரியாதையாக "இரிக்கணும்" என்று பாயைக் காட்டினாள். "மலையாளத்துப் பிள்ளை நமக்கு ஒத்துவராது" என்று ஊருக்குப் போய்க் கடிதம் போட்டார்கள்.

மூன்றாவதாக வரப்போவது பாளையங்கோட்டைச் சம்பந்தம். பையன் சங்கரன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவன் தாயார் ஆவுடையம்மாள். கூட வருவது தாய்மாமன் குற்றாலம் பிள்ளை. அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்று தரகர் சொன்னார். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை ரசத்தில் புளி பற்றவில்லை என்று கலைத்தவராம். அவரே ஒரு கார்டும் போட்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். சாப்பாடு மாத்திரம் நம் முறையில் இருக்கட்டும்."

"இது தப்பிப்போச்சுன்னா அடுத்தாப்ல யாரும் வர மாட்டாக" என்றாள் கோமதி.

"நயினார் பிள்ளை இருக்காருல்லா" என்றேன் நான்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மெஸ்ஸுக்குப் போனால் கதவு பாதி சாத்தியிருந்தது. நயினார் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"என்ன ஓய், அடுப்புப் புகையலையே?"

"சமையல்காரனுக்கு ஊருல ஆம்பிளப் பிள்ளை பிறந்திருக்கு. நேத்தே போய்ட்டான்."

"அப்போ இன்னைக்கி?"

"கடை முடக்கம்."

"உமக்குச் சமைக்கத் தெரியாதா?"

"எனக்கு இலை போடத் தெரியும், இலை எடுக்கத் தெரியும். நடுவுல உள்ளது அவனுக்குத்தாம்வே தெரியும்."

வருகிறவர்கள் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். கோட்டைக்குள் இரண்டு கடை, கோட்டைக்கு வெளியே ஒரு கடை, சாலைத் தெருவில் ஒன்று, தம்பானூரில் ஒன்று. "உங்கள் சாம்பாரில் தேங்காயெண்ணெய் உண்டா?" என்று கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? எல்லா இடத்திலும் உட்கார்ந்து இட்லி வாங்கி, சாம்பாரைத் தொட்டு மோந்து பார்த்தேன். வைத்த இட்லியை விட்டுவிட்டு எழுந்தால் போத்தி என்ன நினைப்பார் என்று முழுவதும் தின்றேன். ஐந்தாவது கடையில் எனக்கு நல்லெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் அலைவதைப் பார்த்த அந்த பஸ் கண்டக்டர் வெகுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்து, "இன்னெங்கிலும் கேறுந்நுண்டோ?" என்றார். இன்றைக்காவது ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மண்டிக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் வாடகை வீடு. விஷயத்தைச் சொன்னதும் கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சோத்துக்கு வழி சொல்லுத மனுசன். சொந்த மக காரியத்துக்கு ஒரு இலைச் சோறு கிடைக்கலையாக்கும்?"

"அஞ்சு இடத்துல பாத்துட்டேன்."

"பாத்தீயளா, தின்னீயளா? ஏப்பம் வருதே."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நான் இங்கன வச்சுத் தாரேன். நீங்க கொல்லை வழியா நயினார் பிள்ளை கடைக்குக் கொண்டு போங்க. அவரு இலை போட்டு விளம்பட்டும். அவருக்குத் தெரிஞ்சது அதுதானே."

"அது ஏமாத்து இல்லையா? நம்ம வீட்டுச் சோறுன்னு தெரிஞ்சா?"

"அவுக முறை என்ன? பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாது. நம்ம வீட்டுலயா நனைக்காக? கடையிலதானே."

வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. காந்திமதி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். கோமதி சாம்பார், அவியல், பொரியல் என்று சொல்ல, சாமான் சீட்டு காந்திமதி கையெழுத்தில் வந்தது. கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், இஞ்சி, உருளைக்கிழங்கு, மூன்று தேங்காய். சாம்பாருக்கும் அவியலுக்கும் மூன்று தேங்காய் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சோற்று விஷயத்தில் பெரிய மனிதன் என்று முன்பே சொன்னேனே.

5

பன்னிரண்டரை மணிக்கு மூன்று பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். குற்றாலம் பிள்ளை கட்டைக்குட்டையான மனிதர். சோற்றைப் பார்க்கிற பார்வையில் ஒரு இன்ஸ்பெக்டர் களை இருந்தது. பக்கத்தில் சங்கரன், தலை நிமிராத பையன். கடைசி இலையில் ஆவுடையம்மாள். நான் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். நயினார் பிள்ளை எங்கள் வீட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, முப்பது வருஷமாக அவரே சமைத்தவர் போல வந்தார்.

குற்றாலம் பிள்ளை சாம்பாரைப் பிசைந்து ஒரு கவளம் போட்டார். கண்ணை மூடினார். "நல்லெண்ணெய்" என்றார், பூஜையில் மந்திரம் சொல்லுவதுபோல. எனக்கு மூச்சு வந்தது. அவியலுக்கு ஒரு "ம்". கத்தரிக்காய்ப் பொரியலுக்கு இரண்டு "ம்".

"மலையாளத்துல இப்பிடி ஒரு கடையா? கடுதாசிப் பிள்ளை, உம்மைப் பத்திச் சொன்னது சும்மா இல்ல வே."

அந்த வார்த்தையோடு அவர் எழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நயினார் பிள்ளை உள்ளே போய் இன்னொரு வாளியோடு வந்து, "சொதி கொஞ்சம் விடட்டா?" என்றார்.

இலைமேல் இஞ்சித் துவையல் வந்து உட்கார்ந்தது. சோற்றின் மேல் வெள்ளையாக, தேங்காய்ப்பால் மணக்க, முருங்கைக்காய் மிதக்க, சொதி விழுந்தது.

கோமதி சொன்ன பட்டியலில் சொதி இல்லை. சொதி என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தாலி கட்டின மறுநாள், மறுவீட்டுக்கு, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. அதை எந்த ஹோட்டலிலும் போட்டு நான் பார்த்ததில்லை. நாஞ்சில் நாட்டு நயினார் பிள்ளைக்கு இந்த விவகாரம் தெரியாது. அவருக்கு அது இன்னொரு குழம்பு.

குற்றாலம் பிள்ளையின் கை இலைக்கு மேல் நின்றது.

"கடைக்காரரே, எந்த ஊருலவே கடையில சொதி விடுதான்?"

"நம்ம கடையில ஞாயித்துக்கிழமைன்னா சொதிதான்" என்றார் நயினார் பிள்ளை, கொஞ்சமும் அசராமல்.

"அப்போ ஞாயித்துக்கிழமைதோறும் உமக்கு மறுவீடா?"

நயினார் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். இத்தனைக்கும் நடுவே சங்கரன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றான்.

"எலே, சும்மா இரு. இது எந்த வீட்டுச் சோறுன்னு தெரியாம இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்."

"கோமதி வீட்டுச் சோறு" என்றாள் ஆவுடையம்மாள். அவள் கை நிற்கவே இல்லை. சொதியைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "வாளியில பேரு வெட்டியிருக்கு, பாக்கலையா? சாம்பாரு விடும்போதே படிச்சுட்டேன்."

சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற நம் வழக்கத்தை ஒன்பது வருஷத்தில் நான் மறந்தே போயிருந்தேன். வாளியின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் "கோமதி" என்று மாமனார் வெட்டிக் கொடுத்தது நன்றாகத் தெரிந்தது.

"படிச்சிட்டுமா சாப்பிட்டே?"

"பசிச்சுது அண்ணே. ருசியாவும் இருந்துது."

குற்றாலம் பிள்ளை பாதி இலையில் எழுந்துவிட்டார். கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஏமாத்திக் கை நனைக்க வச்ச வீட்டுல நமக்குச் சம்பந்தம் வேண்டாம். பஸ் எத்தனை மணிக்கு?"

பஸ் நேரம் எனக்கு மனப்பாடம்.

"பிள்ளையைப் பாக்காம நான் பஸ் ஏற மாட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள். "எனக்கு அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

6

சந்தில் மூன்று பேரும் முன்னால் போக, நான் பின்னால் போனேன். என் வீட்டுக்கு நானே விருந்தாளி மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்தபின் மனசு சமாதானமாக அல்லவா இருக்க வேண்டும்? அது வேறு வேலை செய்துகொண்டிருந்தது. சொதியை வைத்த கோமதியை என்னவெல்லாம் கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது.

வாசலில் வைத்தே கோமதிக்கு என் முகத்திலிருந்து விஷயம் தெரிந்துவிட்டது. "சொதியா? நான் எங்கே சொதி வச்சேன்?" என்று என் காதருகே கேட்டாள்.

காந்திமதி வந்து நின்றாள். இந்தத் தடவை பாயைக் காட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.

"ஏம்மா, சொதி வச்சது யாரு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"நான்தான் அத்தை. அம்மைக்கு அறியாது. மத்தது எல்லாம் போன பிறகு, அம்மை குளிக்கப் போயிருந்தப்போ வச்சு, கொல்லை வழியா நானே கொண்டு கொடுத்தேன்."

"சொதி எப்போ வைக்கதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். மறுவீட்டுக்கு. சித்தி கடுதாசியில ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சொதி எப்படி இருந்துதுன்னுதான் முதல்ல எழுதும். வாசிச்சு வாசிச்சுத்தான் நான் தமிழே படிச்சேன்."

"தெரிஞ்சுமா வச்சே?" என்றார் குற்றாலம் பிள்ளை.

அவள் அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"தெரிஞ்சுதான் மாமா. சாம்பாரு மட்டும் வச்சா கடச்சோறுன்னு நெனச்சு சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்க. அது கள்ளத்தனம் இல்லையா? சொதியைக் கண்டா நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அப்பாவுக்குச் சொல்லத் தைரியம் வராது." இங்கே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்கு முன்னே ரெண்டு கூட்டம் வந்துட்டுப் போய் ஊரில இருந்து கடுதாசி போட்டாங்க. அப்பா அதை மடிச்சு மடிச்சு வச்சிட்டு, பஸ்ஸு பாக்கப் போயிடும். இனி ஒரு கடுதாசி வாசிக்க எனக்கு வய்யா. வேண்டாம்னா இங்கேயே முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. சாரமில்லை, நான் தாங்கிக்குவேன்."

சந்தில் யாரோ வற்றல் மூட்டையை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் பஸ் பார்க்கப் போவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

குற்றாலம் பிள்ளை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சங்கரனைப் பார்த்தார். அவன் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் காது சிவந்திருந்தது. தங்கையைப் பார்த்தார். அவள் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடுதாசிப் பிள்ளை" என்றார் என்னிடம், "நீரு ஆயுசு பூராவும் எழுதின கடுதாசியில ஒண்ணாவது இப்பிடி நேரா எழுதியிருக்கீரா?"

"இல்லை" என்றேன். உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம்.

அவர் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பாதி இலையில எந்திச்சு வந்தவன். ரெண்டு மணி ஆவுது." காந்திமதி பக்கம் திரும்பினார். "தாயி, அந்தச் சொதி மிச்சம் இருக்குமா?"

காந்திமதிக்கு உடனே புரியவில்லை. கோமதிக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு இலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். எங்கள் வீட்டில், எங்கள் கூடத்தில், குற்றாலம் பிள்ளை கை நனைத்தார். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, "இஞ்சி கூடிப்போச்சு" என்றார். ஆயினும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

7

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பஸ் வளைந்து போனதும் எனக்கு என்னவோ போல் ஆயிற்று. ஊருக்கு ஒரு வழி போட வேண்டும் என்று ஒன்பது வருஷம் பாடுபட்டேன். வழி போட்டாகிவிட்டது. அதில் ஏறிப் போகப் போகிறவள் அவள். நான் வழக்கம்போல வழியனுப்புகிறவன்.

முகூர்த்தம் குறிக்கப் போன வாரம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். ஆவுடையம்மாள் வயிறு நிறையப் போட்டாள். ஆனால் பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் வேளாவேளைக்கு இலை போட்டு உட்கார முடியுமா? "எனக்கு டவுனில் வேலை இருக்கிறது" என்று இரண்டாவது வேளைக்கு நழுவினேன். என் சொந்த ஊர் அல்லவா, சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம் என்று ரதவீதியில் நடந்தேன். நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். அடுத்த தெருவில் பார்த்தேன். அங்கும் எனக்குத் தெரிந்த முகம் இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பசி பொறுக்காமல் ஒரு வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, இங்கே நல்ல ஊணு எங்கே கிட்டும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிகவும் இரக்கமுள்ள மனிதர்.

"மலையாளமா? பாவம், நம்ம சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்காது. அந்தா, அந்தத் திருப்பத்துல உங்காளு ஒருத்தரு கடை போட்டிருக்காரு. தேங்காயெண்ணெயிலதான் செய்வாரு, போங்க."

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். கால் அதற்குள் திருப்பத்துக்குப் போய்விட்டது. உட்கார்ந்தேன். சிவப்பரிசிச் சோறு வந்தது. குடிக்கச் சீரக வெந்நீர் வந்தது. புளிசேரி வந்தது. இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். பரிமாறியவரிடம், "புளிசேரி கொள்ளாம். ஆனால் கோட்டைக்குள் ஒரு போத்தி கடை இருக்கிறது, அங்கே இன்னும் நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.